பாகிஸ்தான் சீரியல் கதாநாயகன் மாதிரி மாப்பிள்ளை: இந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது?

ஊசிநூல் அக்கா (சுங்கை சிப்புட்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சின்னதாக ஒரு தையல்கடை வைத்திருக்கிறேன். பாகிஸ்தான் சீரியல் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நம்பி ஒரு விஷயம் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வரும் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது கைப்பேசியில் பாகிஸ்தான் சீரியல் படத்தைக் காட்டித்தான் பஞ்சாபி சூட் தைக்கச் சொல்கிறார்கள். யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம், கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது, பெரும்பாலும் முப்பது நாற்பது பகுதியில் கதை முடிந்துவிடுகிறது. நம் தமிழ்த் தொடர் மாதிரி வருடக்கணக்கில் இழுப்பதில்லை. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிற அம்மா, மகள், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். நானும் ஓவர்லாக் அடிக்கும்போது பக்கத்தில் ஓடவிட்டுத்தான் வேலை பார்க்கிறேன். பிடிக்காதவள் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன வாரம் ஒரு பெண் நிச்சயதார்த்தத்துக்கு அளவு கொடுக்க வந்தாள். 'தேரே பின்' தொடரில் மீரப் போட்டுக்கொண்டு வரும் உடுப்பு மாதிரியே வேண்டும் என்றாள். தோள் அளவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அடித்தது. வீடியோ கால். மாப்பிள்ளைப் பையன். அவள் கைப்பேசியைத் திருப்பி என் வெட்டும் மேசை, உடுப்பு மாற்றும் இடத்துத் திரை, கடைசியில் என் முகம் எல்லாவற்றையும் காட்டினாள். "வேற யாரு இருக்கா?" என்று அவன் கேட்டது என் காதிலேயே விழுந்தது. வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னாள்: "அவருக்கு என் மேல அவ்ளோ பாசம்க்கா. வேலை முடிஞ்சு கொண்டுவந்து விடும்போது என் போனை வாங்கிப் பார்த்துட்டுத்தான் கொடுப்பாரு. அப்படியே முர்தசிம்தான்."

முர்தசிம் யார் என்று தெரியாதவர்களுக்கு: ஜியோ டிவியில் 2022 கடைசியில் தொடங்கி 2023 நடுவில் முடிந்த தொடர் 'தேரே பின்'. மீரப்பாக யும்னா ஜைதியும் முர்தசிமாக வஹாஜ் அலியும் நடித்தது. முர்தசிம் பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை, கோபக்காரன், பேச்சைவிடக் கண்ணால் அதிகம் மிரட்டுகிறவன். அந்தக் கோபம்தான் காதல் என்று கதை நம்மை நம்ப வைக்கும். வஹாஜ் அலி நன்றாக நடித்திருக்கிறார், அதனால் நம்பவும் செய்கிறோம்.

எனக்கு முதலில் உடுப்புதான் கண்ணில் படும், தொழில் அப்படி. 2011இல் வந்த 'ஹம்சஃபர்' பார்த்திருப்பீர்கள், மாஹிரா கானும் ஃபவாத் கானும் நடித்தது. நல்ல பெண் கிரத்துக்குப் பஞ்சாபி சூட்டும் ஷாலும். அவள் கணவன் மேல் கண் வைத்திருக்கும் சாராவுக்கு நவீன உடுப்பு. எத்தனையோ தொடரில் இதே கணக்குதான். கையில்லாத சட்டை போட்டு ஒருத்தி திரைக்குள் வந்தால், இவள் குடும்பத்தைக் கலைக்கப் போகிறாள் என்று என்னிடம் தையல் படிக்கிற பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். கை எவ்வளவு நீளம் என்று பார்த்தாலே குணம் தெரிந்துவிடும் என்றால், கதை எழுதுகிறவர்கள் அந்தப் பெண்ணுக்கென்று மனசு ஒன்று வைக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

'ஹம்சஃபர்' எனக்கு இன்றைக்கும் ஆறாத கதை. மாமியார் சூழ்ச்சி செய்து கிரத்தை நடத்தை கெட்டவள் என்று காட்டுகிறார். கர்ப்பமாக இருப்பவள் வீட்டைவிட்டு விரட்டப்படுகிறாள். கணவன் ஆஷர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவள் எழுதிய கடிதத்தைக்கூட அப்போது படிக்கவில்லை. பெண் குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்யவேண்டிய நிலை வந்து அவளே திரும்பி வரும்வரை அவன் பாட்டுக்கு வாழ்கிறான். உண்மை தெரிந்தபிறகு அழுகிறான். அந்த அழுகையைப் பார்த்து நம் வீட்டுப் பெண்கள் உருகிப்போகிறார்கள். கேள்வியே கேட்காமல் தண்டனை கொடுத்தவனைப் பெரிய காதலன் என்கிறோமே, இது எப்படி நடக்கிறது?

என் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, ஆண்களுக்குச் சமமாக நிரை (மர வரிசை) பிடித்தவர். வீட்டுக்குள் அடங்கி இருப்பவள்தான் நல்ல பெண் என்கிற கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சம்பள நாளில் காசு தாத்தா கைக்குத்தான் போகும், ஏன் என்று கேட்டால் அடியும் விழும். அதனால் வேலைக்குப் போய்விட்டால் பெண்ணுக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பெண்ணும் தொழிற்சாலையில் நல்ல வேலையில்தான் இருக்கிறாள்.

அவள் அம்மாவும் என் வாடிக்கையாளர், வருடக்கணக்காகப் பழக்கம். அடுத்து பிட்டிங் பார்க்க வருவாள். மனம் நோகாமல் அவளிடம் என்ன பேசலாம்? இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க, காதலை வேறு மாதிரி காட்டுகிற பாகிஸ்தான் தொடர் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈப்போ மருமகள் பதில்:

அக்கா, சலாம். நான் ஈப்போ தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். கட்டிக்கொண்டு போனது துணி வியாபாரத்துக்காக அந்தக் காலத்தில் லாகூர் பக்கமிருந்து வந்த குடும்பத்தில். வீட்டில் உருது ஓடும். மாமியார் எண்பதுகளில் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த வீடியோ கேசட்டிலேயே இந்த நாடகங்களைப் பார்த்தவர். அவரோடு உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாகிஸ்தான் நாடகம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஹசீனா மொயின் என்று ஒரு எழுத்தாளர், 2021இல் காலமானார். அரசுத் தொலைக்காட்சியான பி.டி.வி. மட்டுமே இருந்த காலத்தில் அவர் எழுதின பெண்கள் வேறு ரகம். 'அன்கஹி' (1982) நாயகி சனா குடும்பக் கடனை அடைக்க அலுவலகத்தில் செயலாளர் வேலைக்குப் போவாள், வாய் ஓயாமல் பேசுவாள், தப்புத்தப்பாகச் செய்து மாட்டிக்கொள்வாள். யாரும் அவளைக் கெட்டவள் என்று சொல்லமாட்டார்கள். 'தன்ஹாயியான்' தொடரில் அப்பா அம்மா இறந்து வீடு கைவிட்டுப் போனபிறகு, அந்த வீட்டைத் திரும்ப வாங்கியே தீருவேன் என்று மூத்தவள் ஜாரா உழைப்பாள். காதல் வரும், ஆனால் அது அவள் வேலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அவளை இழுத்துக்கொண்டு போகாது. 1987இல் வந்த 'தூப் கினாரே' கராச்சி மருத்துவமனையில் நடக்கிற கதை. டாக்டர் ஜோயாவாக மரினா கான். என் மாமியாருக்கு இன்றைக்கும் அவர்தான் உயிர்.

இதெல்லாம் ஜியா உல் ஹக் இராணுவ ஆட்சியில் வந்தது என்பதைக் கவனியுங்கள் அக்கா. தொலைக்காட்சியில் வரும் பெண்கள் தலையில் ஷால் போடவேண்டும் என்று உத்தரவு போட்ட ஆட்சி அது. மாட்டேன் என்று மெஹ்தாப் ராஷ்டி என்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் திரையைவிட்டே விலகினார். உடுப்பில் அவ்வளவு கெடுபிடி இருந்தும் ஹசீனா மொயினின் பெண்கள் வாய் மூடவில்லை. நீங்கள் உடுப்பைப் பற்றி எழுதினீர்கள், அதனால் இதைச் சொல்லத் தோன்றியது.

2002க்குப் பிறகு தனியார் சேனல்கள் வந்தன. ஹம் டிவி 2005இல். அதைத் தொடங்கிய சுல்தானா சித்திகி ஒரு பெண்தான். கதைக்கு அவர்கள் போனது பெண்கள் மாத இதழ்களுக்கு. கவாதீன் டைஜஸ்ட், ஷுஆ, கிரன் என்று கராச்சியில் வரும் இதழ்கள். உமேரா அஹ்மத், ஃபர்ஹத் இஷ்தியாக் எல்லாம் அப்படிப்பட்ட இதழ்களில் எழுதி வளர்ந்தவர்கள். நம் அம்மாக்கள் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்துப் படித்த மாத நாவல்களை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதே உலகம். நான் அதை மட்டமாகப் பேசமாட்டேன். வீட்டுக்குள் இருந்த பெண்கள் வீட்டுக்குள் இருந்த பெண்களுக்காக எழுதினது. அவர்கள் பயம், பொறாமை, ஆசை எல்லாம் அதில்தான் வெளியே வந்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் ஆணும் பெண்ணும் பழகுவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கமுடியாது. அதனால் முதல் பகுதிகளிலேயே நிக்காஹ் நடத்திவிடுகிறார்கள். விருப்பமில்லாத கல்யாணம், அவசரக் கல்யாணம், ஓடிப்போன அண்ணனுக்குப் பதில் தம்பி, ஏதோ ஒன்று. ஒரே அறையில் இரண்டு பேரையும் வைத்துவிட்டு, அதற்குப்பிறகு காதலைத் தொடங்குகிறார்கள். அப்போது என்ன ஆகிறது? சண்டை போடவும் அவன்தான், கொஞ்சவும் அவன்தான். வில்லன் வேலையையும் நாயகன் வேலையையும் ஒரே ஆள் பார்க்கவேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு அந்த அறையைவிட்டு வெளியே போக வழியில்லை. போகாமல் தாங்கிக்கொண்டு இருப்பதைத்தான் காதல் என்று காட்டவேண்டியிருக்கிறது.

இதோடு தணிக்கையும் சேர்ந்துகொள்கிறது. 2021 அக்டோபரில் பெம்ரா, அதாவது அங்குள்ள ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு ஆணையம், கணவன் மனைவியாக நடிப்பவர்கள்கூட அணைத்துக்கொள்ளும் காட்சி வேண்டாம் என்று சேனல்களுக்குச் சொன்னது. மனைவியைக் கன்னத்தில் அறைகிற காட்சி மட்டும் தொடருக்குத் தொடர் வந்துகொண்டுதான் இருக்கிறது. அணைக்க முடியாத நாயகன் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான், சுவரோடு நிறுத்துகிறான், கோபத்தில் மூச்சுவிடுகிறான். அந்தத் தொடர்களில் தொடுவதற்கு மிச்சம் இருக்கிற வழி அதுதான். பார்க்கிற சின்னப் பெண்ணுக்குக் கோபமும் ஆசையும் ஒன்றாகக் கலந்துபோகிறது. நம் பெண்பிள்ளைகளுக்கு மணிக்கட்டைப் பிடிப்பது ஏன் பிடிக்கிறது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன் அக்கா. எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

தொடர் கேட்டீர்கள். 'ஜிந்தகி குல்சார் ஹை' (2012–13) பாருங்கள். சுல்தானா சித்திகியே இயக்கியது, உமேரா அஹ்மத் எழுதியது. மூன்றும் பெண்ணாகப் பிறந்தது என்று அப்பா வேறு கல்யாணம் செய்துகொள்கிறார். அம்மா ஆசிரியராக வேலை பார்த்து மூன்று பெண்களையும் படிக்கவைக்கிறார். மூத்தவள் கஷஃப், சனம் சயீத் நடித்தது, அரசு அதிகாரி ஆகிறாள். அவள் சிரிப்பதே அபூர்வம், அதற்காக அவளை யாரும் திருத்தப் பார்ப்பதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டமாட்டேன். நாயகன் ஜரூன் முதலில் நிச்சயம் செய்த பெண்ணின் உடுப்பையும் வெளியே போவதையும் குறைசொல்லி அந்த உறவே முறிகிறது. வேலைக்குப் போகிற அவன் அம்மாவைக் குடும்பத்தைக் கவனிக்காதவர் மாதிரி காட்டுவார்கள். ஏழைப் பெண் வேலைக்குப் போனால் பெருமை, பணக்காரப் பெண் போனால் குறை. இதைப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டே பாருங்கள்.

'மேரே பாஸ் தும் ஹோ' மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஆசைப்பட்டுக் கணவனை விட்டுப்போனவளை இரண்டு காசு பெறாதவள் என்று சொல்லும் வசனத்துக்காகவே அங்கே ஆண்கள் கைதட்டினார்கள். 2020 ஜனவரியில் கடைசிப் பகுதியைத் திரையரங்குகளிலேயே போட்டார்கள். அந்தக் கைதட்டலைப் பற்றிப் பேசினால் என் மாமியார் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

---

லோரி அண்ணன் (பீடோர்) பதில்:

தங்கச்சி, நான் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறவன். சீரியல் விஷயத்தில் ஆம்பளை எதற்கு என்று நினைக்கவேண்டாம். என் வீட்டுக்காரியும் நானும் சேர்ந்துதான் பார்க்கிறோம்.

நீங்கள் இரண்டு பேரும் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். என் அம்மாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நான் தைரியமாகப் போடக்கூடியது இந்தத் தொடர்களைத்தான். அசிங்கமான ஆட்டம் இல்லை, இரண்டு அர்த்தப் பேச்சு இல்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறார்கள். எழுத்தைப் படித்து அம்மாவுக்கு நான்தான் கதை சொல்லுவேன்.

'கபி மே கபி தும்' பார்த்தீர்களா? 2024இல் ஏ.ஆர்.ஒய். சேனலில் வந்தது. ஃபஹத் முஸ்தஃபா, ஹானியா ஆமிர். மேலே தங்கச்சி சொன்ன மாதிரியே அண்ணன்காரன் கல்யாணத்தை விட்டு ஓடிவிட, தம்பி முஸ்தஃபா ஷர்ஜீனாவைக் கட்டிக்கொள்கிறான். வேலைவெட்டி இல்லாதவன், கணினி விளையாட்டே கதி என்று கிடப்பவன். அவன் அவளை ஒருநாளும் மிரட்டவில்லை. நண்பன் மாதிரி பேசுகிறான். அவள் படித்தவள், வேலைக்குப் போகிறாள், அதை அவன் பெருமையாக நினைக்கிறான். பெரிய வீட்டைவிட்டு வெளியே வந்து சின்ன இடத்தில் இரண்டு பேரும் குடித்தனம் நடத்துகிற பகுதிகள் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போது எங்களுக்குத் தோட்டத்தை விட்டு வந்து வாடகை வீட்டில் ஒரு மெத்தையும் ஒரு அடுப்புமாக ஆரம்பித்த காலம் ஞாபகம் வந்தது. என் வீட்டுக்காரி அன்றைக்கு ரொம்ப நேரம் பேசினாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத விஷயங்கள்.

பின்னால் பணம் வந்ததும் அவனும் கொஞ்சம் மாறுவான், அவளை ஒதுக்குவான். அதையும் மறைக்காமல் காட்டினார்கள். எழுதினது யார் தெரியுமா? அந்த 'ஹம்சஃபர்' எழுதிய ஃபர்ஹத் இஷ்தியாக்தான். ஒரே எழுத்தாளர் பன்னிரண்டு பதிமூன்று வருடத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்றால் சந்தோஷப்படவேண்டிய விஷயம்.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். போனை வாங்கிப் பார்ப்பது சீரியலில் படித்ததாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கம்பெனியில் இருக்கும் பையன்கள் சீரியலே பார்ப்பதில்லை, ஆனாலும் இதைத்தான் செய்கிறார்கள். வேலை நேரத்தில் பத்துத்தடவை வீடியோ கால் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறான் ஒருத்தன். நானே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசினால் போதாது தங்கச்சி. பையனிடமும் யாராவது ஆண்பிள்ளை பேசவேண்டும். அவள் மாமாவோ அண்ணனோ இருந்தால் என்னிடம் அனுப்புங்கள்.

---

தஞ்சோங் மாலிம் மாணவி பதில்:

வணக்கம் அக்கா, அண்ணன். எனக்கு இருபத்தொரு வயது, ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறேன். 'தேரே பின்' விடுதியில் எல்லாரும் பார்த்தோம். எங்கள் வயதுப் பெண்கள் இதைப் பார்த்து ஏமாறுகிறோம் என்று பெரியவர்கள் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்களுக்கு என்ன பிடித்தது என்று யாராவது கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். மீரப் சட்டம் படிக்க ஆசைப்படுகிறவள். கல்யாணம் கட்டாயமாகிவிட்டது. அப்போது அவள் என்ன செய்தாள்? நிபந்தனைகள் எழுதி முர்தசிமிடம் கையெழுத்து வாங்கினாள். என் அனுமதி இல்லாமல் என்னை நெருங்கக்கூடாது என்பதும் அதில் இருந்தது. அவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை, ஊரே பயப்படுகிறவன், கையெழுத்துப் போட்டான். எங்களை உட்காரவைத்தது அந்தக் காகிதம். அவன் கோபத்துக்காக நாங்கள் பார்க்கவில்லை. இவ்வளவு பலம் உள்ளவன் ஒரு பெண் போட்ட கோட்டைத் தாண்டாமல் நிற்கிறானே என்றுதான் பார்த்தோம்.

அதனால்தான் 2023 மே மாதம் அவ்வளவு கோபம் வந்தது. சண்டைக்குப் பிறகு அவன் அவள் விருப்பத்துக்கு மாறாக நடந்துகொண்டதாகக் காட்டினார்கள். பாகிஸ்தான் பெண்களே சமூக ஊடகத்தில் கொதித்துப் போனார்கள். கல்யாணத்துக்குள் நடந்தாலும் அது வன்முறைதான் என்று எழுதினார்கள். அடுத்த பகுதியிலேயே, இல்லை, இரண்டு பேர் சம்மதத்தோடும் நடந்தது என்று பின்னணிக் குரலை வைத்து மாற்றினார்கள். எங்கள் அறையில் ஒருத்தி அத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன், ஆனால் பழைய பிடித்தம் போய்விட்டது. அந்தக் காகிதத்தை அவர்களே கிழித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தொடர்ந்தார்கள்.

அக்கா, அந்தப் பெண் முர்தசிம் என்று சொன்னால், நீங்கள் மீரப்பைப் பற்றிக் கேளுங்கள். மீரப் நிபந்தனை போட்டாளே, நீ என்ன நிபந்தனை போட்டாய் என்று கேளுங்கள். அவளுக்குப் பிடித்த கதையை வைத்தே பேசலாம். அவனைத் திட்டினால் அவள் அவனுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவாள், நான் என் அக்கா விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நம் நாட்டில் 2023இலிருந்து ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது குற்றம். இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனாலும் 15999 என்ற தாலியான் காசிஹ் (Talian Kasih) அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணைக் கடையில் எழுதி ஒட்டிவையுங்கள். உடுப்பு மாற்றுகிற திரைக்குள்ளே ஒட்டினால் இன்னும் நல்லது, அங்கே பெண்கள் தனியாக நிற்பார்கள்.

---

ஊசிநூல் அக்கா பதில்:

மூன்று பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. பிட்டிங் முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கை சொன்ன மாதிரியே ஆரம்பித்தேன். இடுப்பில் ஊசி குத்தி அளவு சரிபார்த்துக்கொண்டே, "மீரப் மாதிரி உடுப்புக் கேட்டியே, மீரப் மாதிரி நிபந்தனையும் போட்டுட்டியா?" என்றேன். முதலில் சிரித்தாள். அப்புறம் அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடமாட்டேன் என்பது முதலாவது. சம்பளம் என் கணக்கிலேயே இருக்கவேண்டும் என்பது இரண்டாவது. கூட வந்த அவள் அம்மா நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "இதையெல்லாம் அந்தப் பையன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார். சொல்லவில்லை. சொன்னால் கோபப்படுவாரே என்றாள்.

"கோபப்பட்டா என்ன செய்வாரு?" என்று நான் கேட்டேன். அதற்கு அவளிடம் பதில் இல்லை. அவள் அம்மா மெதுவாக, "அதைத் தெரிஞ்சுக்காமலா ரெஜிஸ்டர் பண்ணப்போறீங்க?" என்றார். நான் கேட்க நினைத்ததை அவர் கேட்டுவிட்டார். ரெஜிஸ்டர் தேதிக்கு முன்னால் பையன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். போன் விஷயத்தையும் அதில் பேசவேண்டும் என்று நான் நேரடியாகவே சொல்லிவிட்டேன். பெண்ணின் தாய்மாமன் ஒருவர் கோலகங்சாரில் இருக்கிறாராம். அண்ணன், உங்கள் எண்ணை அவருக்குக் கொடுக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

ஈப்போத் தங்கச்சி, கட்டாயக் கல்யாணம் ஏன் வருகிறது என்று நீங்கள் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டினேன். அன்றைக்குத் தையல் ஓடவில்லை. ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்போ அந்த அறைக்கு வெளியே போக வழி இருந்திருந்தா அவ அவனைக் காதலிச்சிருப்பாளா?" நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுகிறவர்கள் முதலில் அந்த வழியைத் திறந்துவைக்கட்டும். அப்புறமும் அவள் உள்ளே இருந்தால், அவன் கோபக்காரனோ சாதுவோ, அதைக் காதல் என்று நானே முதல் ஆளாக ஒத்துக்கொள்வேன்.

இந்த ஞாயிறு 'ஜிந்தகி குல்சார் ஹை' தொடங்குகிறோம். 15999 ஒட்டியாயிற்று, திரைக்கு உள்ளேதான்.

---

ஈப்போ மருமகள் பதில்:

அல்ஹம்துலில்லாஹ், நல்ல செய்தி அக்கா. கஷஃப் கதை முடிந்ததும் 'உடாரி' (2016) பாருங்கள். அதையும் ஃபர்ஹத் இஷ்தியாக்தான் எழுதினார். வளர்ப்புத் தகப்பன் சிறுமியைச் சீரழிக்கிற கதை, காட்டக்கூடாது என்று பெம்ரா அப்போதே நோட்டீஸ் அனுப்பியது, சேனல் நிறுத்தவில்லை. ரொம்பக் கனமான கதை. சின்னப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் வேண்டாம், பெரியவர்களோடு மட்டும் பாருங்கள். முதலில் நீங்கள் தனியாக இரண்டு மூன்று பகுதி பார்த்துவிட்டு முடிவுசெய்வது நல்லது.

ஆங்கில எழுத்து வேகமாக ஓடும், எல்லாருக்கும் படிக்க வராது. யூடியூபில் வேகத்தை 0.75 என்று குறைத்துவைத்தால் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். உருதுவில் ஏதாவது விளங்காமல் போனால் எழுதுங்கள், மாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.